எங்க வூடு எந்தக் கணக்குல வருது?

போன இதழ்ல ஒரு ஓரமா "வேலூர் மாநகராட்சி, தாலுகா, வார்டு விஷயத்துல உங்களுக்கு இருக்கற குழப்பத்த எழுதி அனுப்புங்க"ன்னு நாலு வரி போட்டோம். வந்த லெட்டர்ல பாதிக்கு மேல பாலாத்துக்கு அந்தாண்ட இருந்துதான், அதாவது காட்பாடி பக்கம். எனக்கு ஆச்சரியமே இல்ல. நான் வேலைல இருந்த காலம் பூரா தோள்ல பை மாட்டிக்கினு வூடு வூடா வரி வசூல் பண்ண பில் கலெக்டர், அப்பவே ஜனங்க மொதல்ல கேக்கறது "எவ்ளோ கட்டணும்"னு இல்ல, "நாங்க உங்க லிமிட்டா சார்?"னுதான்.

கே: நாங்க காந்தி நகர்ல இருக்கோம். ஆதார்ல வேலூர்னு இருக்கு, பட்டாவுல காட்பாடி தாலுகான்னு இருக்கு, ஓட்டு போடப் போனா அரக்கோணம் எம்.பி. லிஸ்ட்ட காட்டறாங்க. பாலம் தாண்டினாதான் வேலூர்னு எங்க மாமியார் சொல்றாங்க. நிஜமா நாங்க எந்த ஊரும்மா, சாரி, எந்த ஊருங்க சார்?
— காந்தி நகர் வாசகி

ப: உங்க மாமியாரும் கரெக்ட்டு, ஆதாரும் கரெக்ட்டு, பட்டாவும் கரெக்ட்டு. யாரும் பொய் சொல்லலம்மா, ஆளாளுக்கு வேற வேற கோடு போட்டு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். மாமியார் சொல்றது பாலாறு போட்ட கோடு, அதுதான் இருக்கறதுலயே பழசு.

மாநகராட்சிக் கோட்ட எடுத்துக்குவோம். வேலூர் நகராட்சி ஆனது 1866. அதுக்கப்புறம் நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல நகராட்சியாவே ஓடி, 2008 ஆகஸ்ட் 1-ல மாநகராட்சி ஆச்சு. அப்பவும் காட்பாடி பக்கம் தனியாத்தான் இருந்துச்சு, அங்க தாராபடவேடுன்னு ஒரு நகராட்சி, இந்தப் பக்கம் சத்துவாச்சாரி ஒரு நகராட்சி, தெக்கால தொரப்பாடி, அல்லாபுரம் எல்லாம் பேரூராட்சி. இதையெல்லாம் ஒண்ணா சேத்து 2011 உள்ளாட்சித் தேர்தலுக்கு 60 வார்டா ஆக்கினாங்க. 60 வார்ட நாலு மண்டலமா பிரிச்சு, மண்டலத்துக்கு 15 வார்டு, ஒண்ணாவது மண்டலம் காட்பாடி, ரெண்டு சத்துவாச்சாரி, மூணு கோட்டை, நாலு சேண்பாக்கம். கவனிச்சீங்கன்னா ஒண்ணாம் நம்பர் உங்க பக்கத்துக்குத்தான் வந்திருக்கு, ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கோட்டை மூணாவது எடத்துலதான் உக்காந்திருக்கு! ஆக குப்பை, தெருவிளக்கு, குடிதண்ணி, வீட்டு வரி, பிறப்பு சர்ட்டிபிகேட் இதுக்கெல்லாம் நீங்க வேலூரு.

பட்டா, ஜாதி சர்ட்டிபிகேட், வருமானச் சான்று இதெல்லாம் வருவாய்த்துறை, அவங்களுக்கு மாநகராட்சின்னு ஒரு கோடே கிடையாது, தாலுகா, குறுவட்டம், கிராமம்னுதான் கணக்கு. நீங்க நாலு மாடி அபார்ட்மென்ட்ல இருந்தாலும் வருவாய்க் கணக்குல அது ஒரு கிராமம்தான், அதுக்கு ஒரு வி.ஏ.ஓ. இருப்பாரு. அந்த வகைல நீங்க காட்பாடி தாலுகா.

ஓட்டுல ரெண்டு கோடு. எம்.எல்.ஏ.வுக்கு காட்பாடி தொகுதி, எம்.பி.க்கு அரக்கோணம். வேலூர் எம்.பி. தொகுதில வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், அதோட வாணியம்பாடி, ஆம்பூர் வருது, காட்பாடி மட்டும் அதுல கிடையாது. இதோட கூத்து 2019-ல பாத்தோமே. பணப்பட்டுவாடா புகார்னு வேலூர் பாராளுமன்றத் தேர்தல ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப ரத்து பண்ணாங்க. ஏப்ரல் 18-ஆம் தேதி பாலத்துக்கு அந்தாண்ட காட்பாடில ஜனங்க க்யூல நின்னு வெரல்ல மை வெச்சுக்கினு வராங்க, இந்தாண்ட கோட்டை பக்கம் ஓட்டே இல்ல. ஒரே மாநகராட்சி, ஒரே மேயர் சீட்டு, ஒரே குப்பை வண்டி, ஆனா இந்தப் பக்கத்து ஜனங்க ஆகஸ்ட் 5 வரைக்கும் காத்திருந்துதான் ஓட்டு போட்டாங்க. எங்க தெருவுல ஒரு பெரியவரு அன்னிக்கு காட்பாடி சம்பந்தி வூட்டுக்குப் போய்ட்டு வந்து "அவங்க வெரல்ல மை கீது, எனக்கு இல்ல, நான் இன்னா பாவம் பண்ணேன்"னு பொலம்பிக்கினு இருந்தாரு.

தபால்காரருக்கு இது எதுவுமே முக்கியம் இல்ல, அவருக்கு நீங்க 632006. ஊர் பேரே போடாம நம்பர கரெக்டா போட்டாலும் லெட்டர் வந்துரும். மொத்தத்துல யாராவது உங்க ஊர் எதுன்னு கேட்டா, கேக்கறது எந்த ஆபீஸ்னு நீங்க திருப்பிக் கேளுங்க.

கே: எங்க தெருவுல கால்வா அடைச்சு ரெண்டு மாசமாச்சு. கவுன்சிலர்கிட்ட சொன்னா மண்டல ஆபீஸ் போங்கறார், அங்க போனா இன்ஜினியர் இல்லைங்கறாங்க, மேயருக்கு மனு கொடுக்கவான்னு பாத்தா கமிஷனருக்குத்தான் பவருன்னு பக்கத்து வூட்டுக்காரர் சொல்றார். யார்தான் பெரிய ஆளு?
— சத்துவாச்சாரி, ரிட்டயர்டு வாத்தியார்

ப: வாத்தியாரய்யா, பவர் ரெண்டு பக்கமா பிரிஞ்சு கெடக்கு. நாம ஓட்டு போட்டு அனுப்பறது கவுன்சிலர். 2022 பிப்ரவரி 19 தேர்தல்ல கவுன்சிலருங்களத்தான் நாம தேர்ந்தெடுத்தோம், அவங்க கூடி மார்ச் 4-ஆம் தேதி மேயர தேர்ந்தெடுத்தாங்க, வேலூருக்கு சுஜாதா ஆனந்தகுமார் வந்தாங்க. 2011-ல அப்படி இல்ல, மேயருக்கு தனி ஓட்டு, கார்த்தியாயினி நேரடியா ஜனங்க ஓட்டுலயே வந்தவங்க. நடுவுல 2016 கடைசிலேர்ந்து 2022 வரைக்கும் கவுன்சிலரும் இல்ல மேயரும் இல்ல, தனி அலுவலர்தான் எல்லாம். அந்த அஞ்சு வருஷத்துல தெரு வெளக்கு எரியலன்னா யார்கிட்ட போய் கத்தறதுன்னு தெரியாம ஜனங்க பில் கலெக்டருங்க கிட்டதான் கத்தினாங்க, வூட்டு வாசல் வரைக்கும் வர ஒரே ஆபீஸ் ஆளு அவன்தானே.

மேயரும் மாமன்றமும் தீர்மானம் போடுவாங்க, எந்த வேலைக்கு காசுன்னு முடிவு பண்ணுவாங்க. அத நடத்தறது கமிஷனர், அவரு அரசாங்கம் போட்ட அதிகாரி. டெண்டர் விடறது, பில் பாஸ் பண்றது, ஸ்டாஃப்ப வேலை வாங்கறது எல்லாம் அவரு கைல. மண்டலத்துலயும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு, கவுன்சிலருங்க தேர்ந்தெடுத்த மண்டலக் குழுத் தலைவர் ஒருத்தரு, அதிகாரி பக்கம் உதவி கமிஷனர் ஒருத்தரு.

கால்வா அடைப்புங்கறது புது வேலை இல்லைங்க, அன்றாட வேலை, அதுக்கு தீர்மானமும் வேணாம் மேயரும் வேணாம். மண்டல ஆபீஸ்ல சுகாதாரப் பிரிவுல எழுதிக் கொடுத்து நம்பர் போட்ட ரசீது கேட்டு வாங்குங்க. அந்த நம்பர் இருந்தாதான் அடுத்த ஆளுகிட்ட பேச முடியும், வாயால சொன்னது காத்துல போய்ரும். ரெண்டு வாரத்துல நடக்கலன்னா அதே நம்பர போட்டு கமிஷனருக்கு எழுதுங்க. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு கலெக்டர் ஆபீஸ் உங்க ஏரியாவுலயே இருக்குதுன்னு எல்லாரும் அங்க ஓடறாங்க, பரவால்ல போங்க, ஆனா அங்கேயும் மனுவுல ஒரு சீல் குத்தி மாநகராட்சிக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க.

இன்னொண்ணு, உங்க கால்வா சர்வீஸ் ரோட்டு ஓரமா இருந்தா கதையே வேற. சத்துவாச்சாரிய ரெண்டா வெட்டிக்கினு போறது சென்னை பெங்களூரு ஹைவே, அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தோடது. அந்த ஓரத்துல மாநகராட்சிக்காரன் மம்பட்டி வெக்கவே யோசிப்பான். மொதல்ல அந்தக் கால்வா யாருதுன்னு கேட்டுட்டு எழுதுங்க.

கமிஷனர்னதும் ஞாபகம் வந்துச்சு, பல பேரு மாநகராட்சி ஆயிட்டா போலீஸ் கமிஷனரும் வந்துருவாருன்னு நெனைக்கறாங்க. அது தனி. ஆவடி, தாம்பரம், சேலம், திருப்பூர் மாதிரி சில ஊருக்குத்தான் போலீஸ் கமிஷனர், வேலூருக்கு இன்னும் எஸ்.பி.தான்.

கே: எங்க ஊராட்சி மாநகராட்சி எல்லைய ஒட்டி இருக்கு. எங்களையும் சேத்துருவாங்கன்னு டீக்கடைல ஒரே பேச்சு. சேந்தா நல்லதா கெட்டதா? எங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க, அவங்களுக்கு பயமா இருக்கு.
— எல்லையோரத்து இளைஞர்

ப: தம்பி, உங்க அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு, அதனால அதையே மொதல்ல சொல்றேன். நூறு நாள் வேலைன்னு நாம சொல்றது கிராமப்புறத்துக்குன்னே போட்ட திட்டம். ஊராட்சி போய் மாநகராட்சி வந்தா அந்த வேலை அட்டைக்கு மரியாதை போச்சு. ஏரிக்கரைல வேல செஞ்சு வர கூலில கேஸ் சிலிண்டர் வாங்கற பொம்பளைங்களுக்கு தார் ரோடு வருதுன்னு சொன்னா சந்தோஷம் வராது. எங்கெல்லாம் சேக்கப் போறோம்னு பேச்சு கெளம்புதோ அங்கெல்லாம் மொதல்ல ரோட்ல வந்து உக்காறது அவங்கதான்.

ரெண்டாவது கிராம சபை. ஊராட்சில வருஷத்துக்கு ஆறு தடவ, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, நீங்க போய் உக்காந்து தலைவர மூஞ்சிக்கு நேரா கணக்கு கேக்கலாம். அது சட்டத்துல இருக்கற உரிமை. மாநகராட்சில இதுக்கு பதிலா வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு 2022-ல விதி கொண்டாந்தாங்க. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா கிராம சபைக்கு தண்டோரா போட்ட மாதிரி ஏரியா சபைக்கு யாராவது உங்கள கூப்ட்டாங்களான்னு நகரத்துல இருக்கற உங்க சொந்தக்காரங்கள கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "அது இன்னாது"ன்னு கேப்பாங்க.

மூணாவது வரி. 2022-ல வீட்டு வரி ஏத்தினப்ப சென்னைக்கு வெளிய இருக்கற மாநகராட்சில 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100-ன்னு ஏத்தினாங்க. ஊராட்சி வரியோட இத ஒப்பிட்டா கண்ண கட்டும், அது வாஸ்தவம்.

இப்ப மறுபக்கம். எங்க வூட்லேர்ந்து அர கிலோமீட்டர்ல ஒரு தெரு இருக்கு, நீங்க எழுதின மாதிரியே எல்லைத் தெரு. இந்த வரிசை வூடுங்க மாநகராட்சி, எதிர் வரிசை ஊராட்சி. நடுவுல ரோடு பன்னெண்டு அடிதான். காலைல ஏழு மணிக்கு பேட்டரி வண்டி விசில் ஊதிக்கினு வந்து இந்த வரிசைல மட்டும் குப்பை எடுக்கும். எதிர் வரிசைல ஒரு அக்கா, நைட்டி மேல துண்டு போட்டுக்கினு பச்ச பக்கெட்டு சேப்பு பக்கெட்டு ரெண்டையும் தூக்கிக்கினு ரோட்ட தாண்டி வந்து, தன் வூட்டு குப்பைய இந்த வரிசை வூட்டு வாசல்ல வெச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும். வண்டிக்காரப் பொண்ணு தெனமும் ஒரே டயலாக்: "இன்னாக்கா, வூடு அந்தாண்ட கீது, குப்பை மட்டும் இந்தாண்ட வருது?" அக்காவும் ஒரே பதில்: "ஓட்டு அந்தாண்ட, ஒறவு இந்தாண்ட, போட்டுக்கம்மா." அந்தப் பொண்ணு சிரிச்சுக்கினே கொட்டிக்கும், பச்சையும் சேப்பும் பிரிச்சு வெச்சிருந்தா மட்டும்தான், கலந்து வெச்சா வாங்காது. ராத்திரில அதே தெருவுல இந்தப் பக்கத்து எல்.இ.டி. வெளிச்சத்துல அந்தப் பக்கத்து பசங்க படிக்கறாங்க. அந்த அக்காவ கேட்டா சேத்தா நல்லதுன்னுதான் சொல்லும், ஏன்னா அதுக்கு வேலை அட்டை இல்ல, குப்பைதான் பிரச்சன. உங்க அம்மாவ கேட்டா வேணாம்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் தம்பி.

என் அபிப்பிராயத்த கேட்டா, வூடுங்க நெருக்கமா வந்து, வயல் போய், வாடகைக்கு ஆளுங்க வந்து, ஊருக்கு நடுவுல சாக்கட தேங்கி நிக்கற எடத்த ஊராட்சியா வெச்சிருக்கறது அந்த தலைவருக்கே தண்டனை, அவருகிட்ட அவ்ளோ ஆளும் இல்ல வண்டியும் இல்ல. ஆனா இன்னும் நெல்லு வெளையற ஊர கோட்டுக்குள்ள இழுத்தா அது வெறும் கணக்குக்காக. உங்க ஊரு இதுல எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கிராம சபைல கை தூக்கி கேளுங்க, தீர்மானமா எழுதச் சொல்லுங்க, எழுதினத படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க, வெத்து நோட்டுல மொதல்ல கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் தீர்மானம் எழுதற வழக்கம் சில எடத்துல இருக்கு.

இன்னொரு தகவல், உங்க ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபர்லதான் நடந்துச்சு, 6-ஆம் தேதியும் 9-ஆம் தேதியும். மத்த மாவட்டத்துலல்லாம் 2019 டிசம்பர்லயே முடிஞ்சிருச்சு. அப்ப நம்ம மாவட்டத்த பிரிச்ச நேரம், வார்டு கோடே புதுசா போட வேண்டி இருந்ததால நம்மள மாதிரி ஒம்போது மாவட்டம் பின்னாடி தள்ளிப் போச்சு.

கே: வட ஆற்காடு மாவட்டம்னு எங்க தாத்தா சொத்துப் பத்திரத்துல இருக்கு. ஆற்காடு இப்ப நம்ம மாவட்டத்துலயே இல்லியே, பத்திரம் செல்லுமா?
— குடியாத்தம் வாசகர்

ப: தாராளமா செல்லும். சர்வே நம்பரும் கிராமமும்தான் பத்திரத்துக்கு உயிர், மாவட்டப் பேரு சட்டை மாதிரி, மாத்திக்கினே இருப்பாங்க. வட ஆற்காடு ஜில்லாவுக்கு தலைநகர் ரொம்ப காலம் சித்தூர்தான், 1911-ல சித்தூர் தனி ஜில்லா ஆனதும்தான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்துச்சு. 1989-ல அத ரெண்டா பிரிச்சு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்னு வெச்சாங்க. அப்புறம் பேரெல்லாம் எடுத்துட்டு வேலூர் மாவட்டம். 2019 ஆகஸ்ட் 15-ல மூணா பிரிக்கறோம்னு அறிவிச்சு, நவம்பர் 28-லேர்ந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் தனி. ஆற்காடு ராணிப்பேட்டையோட போய்டுச்சு. ஆற்காடே இல்லாத வட ஆற்காட்டுலதான் நாம இருக்கோம். எங்க வூட்ல பாட்டி கடைசி வரைக்கும் "என்.ஏ. ஜில்லா"ன்னுதான், அதாவது நார்த் ஆற்காடுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க, லெட்டர் எழுதினா கடைசி வரி "என்.ஏ.டிடி."தான்.

கே: கன்டோன்மென்ட் ஸ்டேஷன்னு பேர் இருக்கே, அங்க இப்ப ராணுவ போர்டு எதாவது நடக்குதா?
— சூரியகுளம் வாசகர்

ப: இல்ல. தமிழ்நாட்டுல கன்டோன்மென்ட் போர்டு ரெண்டே எடம்தான், பரங்கிமலை பல்லாவரம் ஒண்ணு, நீலகிரில வெலிங்டன் ஒண்ணு. நம்மளுது பேரு மட்டும்.

கே: என் பையன் லண்டன்ல ஹாரோங்கற எடத்துல வேலை பாக்கறான். வாடகை வூடுதான். ஆனா மாசா மாசம் கவுன்சில் டாக்ஸ்னு ஒண்ணு கட்டறானாம், வீட்டுக்காரன் கட்ட வேண்டிய வரிய இவன் ஏன் கட்டறான், ஏமாத்தறாங்களா? அதோட அட்ரஸ்ல ஒரு தரம் லண்டன்ங்கறான், ஒரு தரம் மிடில்செக்ஸ்ங்கறான். பாரோன்னா என்ன, நம்ம மண்டலம் மாதிரியா?
— பாகாயம், ஒரு அம்மா

ப: மொதல்ல உங்க வயித்துல பால வாக்கறேன், ஏமாத்தலம்மா. நம்ம ஊர்ல வீட்டு வரி வூட்டுக்குச் சொந்தக்காரன் தலைல, அங்க கவுன்சில் டாக்ஸ் பொதுவா யாரு குடியிருக்காங்களோ அவங்க தலைல. வூட்ட ஏ-லேர்ந்து எச் வரைக்கும் எட்டு படியா பிரிச்சு வெச்சிருக்காங்க, அதுக்கு அடிப்படை 1991 ஏப்ரல்ல அந்த வூடு என்ன விலை போயிருக்கும்ங்கற கணக்கு. ஆமா, இன்னிக்கும் 1991 கணக்குதான், நம்ம ஊரு கைடுலைன் வேல்யூவ திட்டறவங்க இத ஞாபகம் வெச்சுக்கலாம். பையன் அந்த வூட்ல பெரியவங்கள்ல தனி ஆளா இருந்தா 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கேட்டாதான் கொடுப்பாங்க, கேக்கச் சொல்லுங்க. முழுநேரமா படிக்கற பசங்க மட்டும் இருக்கற வூடா இருந்தா வரியே இல்ல.

இப்ப பாரோ. மண்டலம் மாதிரி இல்லம்மா, அதவிட பெரிய ஆளு. நம்ம காட்பாடி மண்டலம் வேலூர் மாநகராட்சியோட ஒரு கை, தனியா பட்ஜெட்டு போடாது, வரி நிர்ணயிக்காது. ஹாரோ ஒரு முழு உடம்பு. அங்க 32 பாரோ, அது போக நடுவுல சிட்டி ஆஃப் லண்டன்னு பழைய ஒண்ணு. ஒவ்வொரு பாரோவும் தனித்தனி கவுன்சில், பள்ளிக்கூடம், வயசானவங்கள பாத்துக்கறது, கட்டட அனுமதி, லைப்ரரி, குப்பைன்னு பெரும்பாலான வேலை அவங்களோடதுதான். லண்டன் மேயர்னு டி.வி.ல காட்டறாங்களே, அவரு கைல மெட்ரோ ரயிலு, பஸ்ஸு, போலீஸ் மாதிரி ஊர் முழுக்க ஓடற சமாச்சாரம். பையன் கட்டற கவுன்சில் டாக்ஸ்லயும் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகும், பில்லுலயே தனி வரியா போட்டிருப்பாங்க.

ஹாரோவுக்குன்னு இன்னொரு மேயரும் உண்டு. வருஷத்துக்கு ஒருத்தர கவுன்சிலே தேர்ந்தெடுக்கும், கழுத்துல பெரிய சங்கிலி போட்டுக்கினு விழாவுக்குப் போவாரு, அதிகாரம் எல்லாம் கவுன்சில் லீடர்கிட்ட. நம்ம ஊர்ல இந்த மாதிரி சங்கிலியும் அங்கியும் மேயருங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். அங்க ஒரு வார்டுக்கு ரெண்டு மூணு கவுன்சிலர் இருப்பாங்க, 2022 தேர்தல்லேர்ந்து மொத்தம் 55 பேரு. நம்மளுது வார்டுக்கு ஒருத்தருதான், அவரு போன எடுக்கலன்னா வேற ஆளே இல்ல.

மிடில்செக்ஸ் விஷயம் நம்ம என்.ஏ. ஜில்லா கதையேதான். ஹாரோ முன்னாடி மிடில்செக்ஸ்ங்கற கவுன்ட்டில இருந்துச்சு. 1965 ஏப்ரல் 1-ல கிரேட்டர் லண்டன்னு ஆக்கினப்ப அந்தக் கவுன்ட்டி கவுன்சில எடுத்துட்டாங்க. பல ஊர ரெண்டு மூணா சேத்து ஒரு பாரோ பண்ணாங்க, ஹாரோவ மட்டும் இருந்த எல்லையோட அப்படியே விட்டாங்க. ஆனாலும் ஜனங்க இன்னிக்கும் கவர் மேல மிடில்செக்ஸ்னு எழுதறாங்க, அறுபது வருஷம் ஆச்சு. போஸ்ட்கோடு எச்.ஏ.ன்னு ஆரம்பிச்சா போதும், லெட்டர் போய்ரும்.

கடைசியா பையனுக்கே தெரியாம இருக்கலாம், இந்தியா காமன்வெல்த் நாடுங்கறதால அங்க முறையா தங்கியிருக்கற இந்தியக் குடிமக்களுக்கு அந்த ஊரு தேர்தல்ல ஓட்டு உண்டு, கவுன்சிலுக்கும் உண்டு, பாராளுமன்றத்துக்கும் உண்டு. பேரு பதிஞ்சிருக்கானான்னு ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப கேளுங்க. பாகாயத்துல ஓட்டு போடாதவன் ஹாரோல போடட்டும்.

கே: வீட்டு வரி ரசீது எங்க அம்மா பேர்ல இருக்கு, அவங்க தவறிட்டாங்க. பேர் மாத்த ஆறு மாசமா அலையறேன். ரசீது இருந்தா வூடு எனக்குச் சொந்தம்னு ஆகாதா?
— கழிஞ்சூர் வாசகி

ப: ஆகாதும்மா. வரி ரசீது நீங்க வரி கட்டினதுக்கு அத்தாட்சி, வூட்டுக்கு அத்தாட்சி இல்ல. சொத்துக்குப் பத்திரம், பட்டா. ரசீதுல பேர் மாத்த எறப்பு சர்ட்டிபிகேட், வாரிசு சர்ட்டிபிகேட், பத்திர நகல், கடைசியா வரி கட்டின ரசீது, மத்த வாரிசுங்க சம்மதம் இதெல்லாம் வேணும். வாரிசு சர்ட்டிபிகேட் கொடுக்கறது தாசில்தார், எறப்பு சர்ட்டிபிகேட் கொடுக்கறது மாநகராட்சி, நீங்க ஆறு மாசம் அலையறதுக்கு பாதிக் காரணம் இந்த ரெண்டு ஆபீஸும் ஆத்துக்கு ரெண்டு கரை மாதிரி இருக்கறதுதான்.

இதுல எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. நான் வேலை பாத்த பேரூராட்சிய பெரிய ஊரோட சேத்தப்ப டிமாண்டு ரிஜிஸ்டர் எல்லாத்தையும் மூட்டை கட்டி டெம்போல ஏத்தினோம். காலிகோ அட்டை போட்ட பெரிய புக்கு, ஒவ்வொரு பக்கத்துலயும் கதவு எண், பேரு, அரையாண்டு வரி. புது ரப்பர் ஸ்டாம்பு வந்து சேரல, அதனால ரெண்டு மாசத்துக்கு பழைய ரசீது புக்குலயே "பேரூராட்சி"ங்கறத பேனாவால அடிச்சுட்டு மேல "மாநகராட்சி"ன்னு கையாலயே எழுதிக் கொடுத்தோம். அப்புறம் அத கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப தெரு பேரும் கதவு எண்ணும் மாறிப் போய் எங்க சொந்த வூடே வேற ஒருத்தர் பேர்ல ஏறிக்கிச்சு! வரி வசூல் பண்ற ஆளு வூட்டுக்கே இந்த கதி. திருத்தறதுக்கு நானே எங்க ஆபீஸ் கவுன்ட்டர்ல மூணு தடவ நின்னேன், மூணாவது தடவ உள்ள இருந்த பையன் "சார், ஒரிஜினல் ரசீது கீதா?"ன்னு என்ன கேட்டான். அந்த ரசீதுல கையெழுத்து என்னுது.

அதனால பழைய ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க, பழைய வரி விதிப்பு எண், புது எண் ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதி மனுவோட வெச்சுக் கொடுங்க. பேர் மாறலன்னு வரிய கட்டாம மட்டும் விட்ராதீங்க, அம்மா பேர்லயே கட்டுங்க. அரையாண்டு ஆரம்பிச்ச மொத மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள்ள கட்டினா 5 சதவீதம் கழிவு, லேட்டானா மாசத்துக்கு 1 சதவீதம் கூடுதல்.

கே: ஐயா, எங்க ஸ்கூல்ல வேலூர் மாவட்ட மேப் வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. அப்பாகிட்ட இருக்கற மேப்ல வாணியம்பாடி, அரக்கோணம் எல்லாம் இருக்கு. எது சரி?
— ஏழாம் வகுப்பு மாணவி, கே.வி.குப்பம்

ப: அப்பாவோட மேப்பு 2019-க்கு முந்தினதும்மா, பத்திரமா வெச்சுக்க, ஆனா அத பாத்து வரையாத. இப்ப நம்ம மாவட்டத்துல தாலுகா ஆறுதான்: வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, அப்புறம் உங்க கே.வி.குப்பம். மாநகராட்சி ஒண்ணு, நகராட்சி ரெண்டு, குடியாத்தமும் பேரணாம்பட்டும். பேரூராட்சி பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம். தாலுகா கோட்ட கறுப்புல போடு, மாநகராட்சிக் கோட்ட சேப்புல போடு, காட்பாடி தாலுகாவுக்குள்ளயும் வேலூர் தாலுகாவுக்குள்ளயும் அந்த சேப்புக் கோடு பூந்து போகணும், ரெண்டையும் ஒண்ணா போட்டா டீச்சர் மார்க் கொறைப்பாங்க, கொறைக்கணும்.

பாலாறுக்கு நீலம் அடி. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊர கிண்டல் பண்றவங்க பண்ணட்டும், 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடினத நீயே பாத்திருப்ப.